கோகிலாவின் கட்-ஆஃபும் என் அறிவுரையும்

இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருப்பவனுக்கு ஊரில் ஒரு பதவி மட்டும் எப்போதும் காலியாக இருக்கும். அறிவுரை சொல்கிற பதவி. அதற்கு விண்ணப்பம் வேண்டாம், நேர்காணல் வேண்டாம். பனியனோடு வாசலில் நின்றால் போதும், யாராவது வந்து வேலையில் சேர்த்துவிடுவார்கள். நாமக்கல்லில் எட்டு மாதம் அந்தப் பதவியில் இருந்தவன் நான். அதை எவ்வளவு மோசமாகச் செய்தேன் என்று ஒப்புக்கொள்ள இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

என் துறை கட்-ஆஃப். பிளஸ் டூவில் வாங்கிய கணக்கு மதிப்பெண்ணை முழுதாகவும், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரியைப் பாதியாகவும் எடுத்துக் கூட்டினால் இருநூறுக்கு ஓர் எண் வரும். அந்த எண்ணைச் சொன்னால் போதும், எந்தக் கல்லூரி கிடைக்கும், எது கிடைக்காது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன். (கண்ணைத் திறந்துகொண்டு சொல்லியிருக்கலாம், அது வேறு விஷயம்.) முந்தைய வருடத்துக் கட்-ஆஃப் எல்லாம் எழுதிவைத்த நீள நோட்டு ஒன்று என்னிடம் இருந்தது. எதிர்வீட்டுச் செந்திலுக்கு நல்ல கல்லூரி எதுவும் கிடைக்காது என்று சொன்னேன், கிடைக்கவில்லை. செந்திலைத் தெரிந்த யார் வேண்டுமானாலும் அதைச் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் தெருவில் என் மதிப்பு ஏறிவிட்டது.

கவுன்சலிங் நடக்கிற மாதத்தில் துரைசாமிப் பெரியப்பா என்னைத் தேடி வந்தார். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அண்ணன், லாரிக்கு பாடி கட்டுகிற பட்டறை வைத்திருக்கிறவர். அவருக்கு ஒரே மகள், கோகிலா. அவளுக்குச் சென்னையில் இருக்கிற பெரிய கல்லூரி ஒன்றில் ஆட்டோமொபைல் படிக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஆசை. பட்டறைக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள், லாரி சாய்ந்து நிற்பதைப் பார்த்தே எந்தப் பக்கத்து ஸ்பிரிங் பட்டை உடைந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள். பெரியப்பா சம்மதித்திருந்தார், ஆனால் ஒரு நிபந்தனையோடு.

"அந்தக் காலேஜ் கெடைச்சா மெட்ராசுக்கு அனுப்பறேன் சாமி. இல்லீன்னா இங்கயே பஸ்ஸுல போயிட்டு வாராப்புல ஒண்ணுல சேந்துக்கட்டும். கெடைக்குமா கெடைக்காதான்னு நீதான் பாத்துச் சொல்லோணும்" என்றார்.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். நீள நோட்டு, மூன்று நிற ஸ்கெட்ச் பேனா, கால்குலேட்டர் சகிதம். (கூட்டல் கணக்குக்குக் கால்குலேட்டர் எதற்கு என்று கேட்காதீர்கள். டாக்டருக்கு ஸ்டெதாஸ்கோப் மாதிரி.) பெரியம்மா டீயும் முறுக்கும் கொண்டுவந்து வைத்தார். நான் கோகிலாவின் எண்ணைக் கூட்டிப் பார்த்தேன். நோட்டைப் புரட்டினேன். போன வருடம் அந்தக் கல்லூரியில் அந்தப் பிரிவின் கட்-ஆஃப் நின்ற இடத்துக்கு ஒன்றரை மதிப்பெண் கீழே இருந்தாள்.

நான் பேனாவை மூடினேன். சினிமாவில் ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வருகிறவர் மாதிரி பெரியப்பாவைப் பார்த்தேன்.

"வாய்ப்பே இல்லை பெரியப்பா."

கோகிலாவின் முகம் சுருங்கிப் போனது. "இந்த வருசம் மேத்ஸ் பேப்பர் ரொம்பக் கஷ்டமுங்கண்ணா. எல்லாருக்குமே மார்க் கொறஞ்சிருக்கு. கட்-ஆஃபும் எறங்குமில்லீங்களா?" என்றாள்.

"கட்-ஆஃப் அப்படியெல்லாம் எறங்காது" என்றேன். எதை வைத்து அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஏதோ கட்-ஆஃப் என் பேச்சைக் கேட்டுத்தான் நடக்கும் என்கிற மாதிரி சொல்லிவிட்டேன்.

அதோடு எழுந்து போயிருந்தால் பாதித் தப்போடு முடிந்திருக்கும். நான் பட்டியலும் போட்டுத் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். ஆன்லைன் கவுன்சலிங்கில் நமக்கு வேண்டிய கல்லூரிகளை வரிசையாக எழுதிக் கொடுக்க வேண்டும். நானும் கோகிலாவும் படித்தது ஒரே ஹாஸ்டல் பள்ளி. நாமக்கல் பக்கத்துப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு ஒரு மந்திரம் உண்டு: தெரிந்த கேள்வியை முதலில் எழுது, கஷ்டமானதைக் கடைசியில் எழுது. காலை ஐந்து மணிக்கு மைக்கில் சொல்வார்கள், சாப்பாட்டு வரிசையில் சொல்வார்கள், பரீட்சை அறை வாசலில் தோளைப் பிடித்துச் சொல்வார்கள். இரண்டு வருடம் அதைக் கேட்டவன் கல்யாண வீட்டு இலையில்கூட அப்பளத்தைத்தான் முதலில் முடிப்பான்.

நான் கல்லூரிப் பட்டியலையும் அதே முறையில் போட்டேன். கட்டாயம் கிடைக்கும் என்பதால் பைபாஸில் இருக்கிற கல்லூரி முதலிடம், பச்சை நிறத்தில். அதைவிடக் கொஞ்சம் கஷ்டமானது இரண்டாமிடம். இப்படியே படிப்படியாக ஏறி, நடுவில் நீலத்துக்கு மாறி, இருபத்திரண்டாவதாக, சிவப்பில், சென்னைக் கல்லூரி.

கோகிலா பட்டியலை வெகுநேரம் பார்த்தாள். "ஏனுங்கண்ணா, மேல இருக்கறதே கெடைச்சிருச்சுன்னா, கீழ இருக்கறதை எதுக்குங்க பாப்பாங்க?"

ஒரு பதினேழு வயதுப் பெண் மிகச் சரியான கேள்வியைக் கேட்டிருக்கிறாள். இன்ஜினியரிங் பட்டதாரியான நான் சொன்ன பதில் இது: "அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்துக்கும்."

பெரியப்பா மகளை அதட்டினார். "அண்ணன் படிச்சவன், சொன்னாக் கேட்டுக்கோணும். நாளைக்கு அம்மாளைக் கூட்டிட்டுப் போயி இதை அப்படியே அடிச்சுட்டு வா."

மறுநாள் அம்மாவோடு பிரவுசிங் சென்டருக்குப் போய்விட்டு வந்தாள். நான் சும்மா இருக்கவில்லை. பைபாஸ் கல்லூரிக்கு நேரில் போய், கல்லூரிப் பேருந்து எங்கள் பகுதிக்கு எத்தனை மணிக்கு வருகிறது என்று விசாரித்து, நேர அட்டவணை ஒன்றும் வாங்கி வந்துவிட்டேன். பேருந்துப் பொறுப்பாளரிடம் பட்டறை வாசலிலேயே நிறுத்தச் சொல்லிச் சம்மதமும் வாங்கி, அதைப் பெரியப்பா வீட்டிலும் சொல்லிவைத்தேன். அவ்வளவு பொறுப்பு!

முடிவு வந்த அன்று பெரியப்பா வீட்டுக் கூடத்தில் இரண்டு குடும்பமும் கூடியிருந்தது. ராசிபுரத்திலிருந்து அவர் தங்கை சரசு அத்தையும் வந்திருந்தார். நான் சட்டைப் பையில் அந்த அட்டவணையோடு லேப்டாப்பைத் திறந்தேன். கோகிலாவின் பெயர் வந்தது. பக்கத்தில் ஆட்டோமொபைல் என்று இருந்தது. அதற்கும் பக்கத்தில் சென்னைக் கல்லூரியின் பெயர் இருந்தது.

சைட்டில் ஏதோ கோளாறு என்று நினைத்து மூடித் திறந்தேன். மறுபடியும் அதேதான் வந்தது.

கூடத்தில் எழுந்த சத்தத்தில் பட்டறையில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர்கள் ஓடி வந்துவிட்டார்கள். பெரியம்மா கோகிலாவைக் கட்டிக்கொண்டு அழுதார். பெரியப்பா கொடியில் கிடந்த புதுத் துண்டை உருவி வந்து எனக்குப் போர்த்திவிட்டார். "எஞ்சாமி! உன்னாலதான் சாமி!"

இந்த இடத்தில் ஒரு யோக்கியன் என்ன செய்திருப்பான்? 'நான் கிடைக்காது என்றல்லவா சொன்னேன்' என்று துண்டைத் திருப்பிக் கொடுத்திருப்பான். நான் துண்டைத் தோளில் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு உரையாற்ற ஆரம்பித்தேன். வாய்ப்பைக் கணிப்பது ஒரு கலை என்றேன். சுலபமானதை முதலில் போட்டுக் கம்ப்யூட்டரின் நம்பிக்கையைப் பெற வேண்டும் என்றேன். (ஆமாம், இதையும் சொன்னேன்.) கோகிலா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அது நன்றியுணர்ச்சி என்று நினைத்துக்கொண்டேன்.

சரசு அத்தை பைக்குள்ளிருந்து பேனாவை எடுத்தார். "இருப்பா, எழுதிக்கறேன். எம்பையன் பிரபுவுக்கு வார வருசம் கவுன்சலிங். சுலபமானது மொதல்ல, அப்பறம்?"

கோகிலா நிமிர்ந்தாள். "அத்தை, எழுதாதீங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணன் மனசு நோகுமேன்னுதானுங்க சொல்லலை. பிரவுசிங் சென்டர்ல மொதப் பக்கத்துலயே தமிழ்ல போட்டிருந்துச்சு. நமக்கு ரொம்பப் புடிச்சதை மேல போடோணுமாம். மேலேர்ந்து பாத்துக்கிட்டே வந்து, எது மொதல்ல கெடைக்குதோ அதைக் குடுத்துட்டு நிறுத்திருவாங்களாம். அதனால அண்ணன் லிஸ்ட்டைக் கீழேர்ந்து மேல அடிச்சுட்டேனுங்க. கட்-ஆஃபும் எறங்கிருச்சுங்க."

பெரியப்பா என் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தார். "அப்ப அண்ணன் எழுதிக் குடுத்தபடி அடிச்சிருந்தா?"

"காலேஜ் பஸ் வாசலுக்கே வந்திருக்கும்ப்பா."

அந்தத் துண்டை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எடுத்தாலும் கேவலம், போட்டிருந்தாலும் கேவலம். அது என் தோளிலேயே கிடந்தது. முதலில் சிரித்தது சரசு அத்தை. பிறகு பெரியம்மா. கடைசியில் என் அம்மாவே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியப்பா மட்டும் சிரிக்கவில்லை. மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கும் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது. ஒரு பெண் நான்கு வருடமாக ஆசைப்பட்டதை அரை மணி நேரத்தில், முறுக்கு தின்றுகொண்டே இருபத்திரண்டாவது இடத்துக்குத் தள்ளியிருக்கிறேன். அன்று மாலையே பட்டறைப் பக்கம் கூட்டிப்போய் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அட விடுங்கண்ணா. கெடைக்கறதுக்குக் கஷ்டமானது எது, சுலபமானது எதுன்னு கரெக்டாத்தான் வரிசை போட்டிருந்தீங்க. இல்லீன்னா இருபத்திரெண்டையும் நானே தேடிப்புடிச்சுப் போட்டிருக்கோணும்" என்றாள். என் கணிப்புக்கு இதுவரை கிடைத்த ஒரே நற்சான்றிதழ் அதுதான்.

அதற்கப்புறம் வீட்டில் என் வாக்குக்குத் தனி மரியாதை. மழை வராது என்று நான் சொன்னால் அம்மா கொடியில் காயும் துணியை எடுத்துவிடுவார். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண் பிடிச்சிருக்கா என்று சரசு அத்தை கேட்டார். பிடிச்சிருக்கு என்றேன். "அய்யய்யோ, கீழேர்ந்து மேல படிச்சா என்னன்னு வருது?" என்று அத்தை சபையில் கேட்க, அந்தக் கதையைப் பெண் வீட்டாருக்கு முழுதாகச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. (நல்லவேளை, பெண் சிரித்தாள். என் மனைவியாகி இப்போதும் சிரிக்கிறாள்.)

கோகிலா இப்போது சென்னைப் பக்கத்தில் ஒரு வண்டிக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். கவுன்சலிங் சமயத்தில் லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடுவாள். சொந்தக்காரப் பிள்ளைகளெல்லாம் அவளிடம்தான் போகிறார்கள். அவள் அவர்களை முதலில் என்னிடம் அனுப்புகிறாள், அண்ணனிடம் ஒரு லிஸ்ட் வாங்கி வாருங்கள் என்று.

எனக்கும் வருடங்கள் போனதில் புத்தி வந்திருக்கிறது. போன தடவை ஒரு பையனுக்கு, பிடித்த கல்லூரியை முதலிடத்தில் வைத்து ஒழுங்காகப் பட்டியல் போட்டு அனுப்பினேன். பத்து நிமிடத்தில் கோகிலாவிடமிருந்து போன் வந்துவிட்டது.

"அண்ணா, முறையை மாத்தாதீங்கண்ணா. நான் பழக்கத்துல திருப்பிப் போட்டுட்டேன், நல்லவேளை அந்தப் பையன் பாத்துட்டான். நீங்க எப்பவும் போல தப்பாவே போட்டு அனுப்புங்க, மத்ததை நான் பாத்துக்கறேன்."