பொத்தானும் காஜாவும் சந்திக்காத கதை

ரயிலில் டிக்கெட் பரிசோதகர் நான். டிக்கெட் இல்லாமல் கழிப்பறைக்குள் ஒளிந்தவனைக்கூட விட்டதில்லை. ஆனால் ஊரடங்கில் ரயில்கள் நின்று, நான் சோபாவில் உட்கார்ந்ததும், ஒரு தொப்பை டிக்கெட்டே எடுக்காமல் ஏறிவிட்டது.

சீருடை பேன்ட்டைப் போட்டுப் பார்த்தேன். பொத்தான் ஒரு மாவட்டத்தில், காஜா அடுத்த மாவட்டத்தில். பாஸ் இல்லாமல் சந்திக்க வழியில்லை.

“ரயில் ஓடறதுக்குள்ள இந்த பேன்ட் எனக்குக் கச்சிதமா பொருந்தும். இது சபதம்!”

மனைவி தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். அப்போது முகக்கவசம் தைத்துக்கொண்டிருந்தாள்.

“பொருந்திட்டா?”

“அப்புறம் இந்த வீட்ல ஒரு வேலையும் என்கிட்ட சொல்லக்கூடாது.”

“பொருந்தலைன்னா?”

“ஆயுசு முழுக்க துணி துவைக்கிறது நான்.”

“பேச்சு மாறக்கூடாது.”

“நான் என்னிக்கு மாறியிருக்கேன்?”

“கல்யாணத்துலேர்ந்து ஆரம்பிக்கவா?”

கயிறு தாண்டினேன். கீழ்வீட்டுக்காரர் போன் செய்தார். “சார், சுவிட்ச் போடாமலே எங்க வீட்டு ஃபேன் ஆடுது!”

“சத்தமில்லாத பயிற்சி நிறைய இருக்குங்க” என்று மனைவி வாளியை நீட்டினாள். போர்வை பிழிவது புஜத்துக்காம். குந்தித் தரை துடைப்பது தொடைக்காம். பரண் சுத்தம் முழு உடம்புக்குமாம்.

விடுவேனா? விடிந்தால் வாளி. பொழுது சாய்ந்தால் துடைப்பம். நடுவில், பெட்டி பெட்டியாக டிக்கெட் பார்ப்பதுபோல் சமையலறைக்கும் வாசலுக்கும் நடை.

வாராவாரம் பேன்ட்டைப் போட்டுப் பார்ப்பேன். வாராவாரம் அதே இடைவெளி. கன்னம் ஒட்டியது. மோதிரம் கழன்று விழுந்தது. கைக்கடிகாரம் முழங்கைவரை ஏறியது. இடுப்பு மட்டும் மறியல் செய்தது.

“மனசு தளராதீங்க. இன்னொரு பரண் இருக்கு” என்றாள்.

நாளை முதல் ரயில் ஓடும் என்று தகவல் வந்தது. ஓடிப்போய்ப் போட்டேன். பொத்தான் எட்டவில்லை.

ஆயுள் முழுக்க வாளியா? அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, பொத்தானைக் கொஞ்சம் நகர்த்தித் தைக்க ஊசி நூலோடு உட்கார்ந்தேன். பேன்ட்டை உள்புறம் திருப்பினால், இடுப்பில் புத்தம்புதுத் தையல்கள்! ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, தண்டவாளம் போல.

அவள் வந்ததும் பாய்ந்தேன்.

“வாராவாரம் பிடிச்சுப் பிடிச்சுத் தைச்சிருக்கே! மோசடி!”

“ஆமா. இளைச்சது தெரிஞ்சா அப்புறம் சோபாவை விட்டு எந்திரிப்பீங்களா?”

“அப்ப நான் ஜெயிச்சுட்டேன்!”

“அது சரி, கையில ஊசி எதுக்குங்க?”

டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்ட பயணி மாதிரி விழித்தேன்.

“போகட்டும், பிரிச்சுத் தர்றேன்.”

சர்ரென்று எல்லாத் தையலையும் பிரித்தாள். வெற்றி வீரனாகப் போட்டுக்கொண்டேன். பொத்தான் மாட்டியது. பேன்ட் நிற்கவில்லை. நேராக முழங்காலுக்கு இறங்கிவிட்டது.

அவள் என்னை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

“கச்சிதமா பொருந்தணும்னுதானே பந்தயம்? இது தொளதொளன்னு இருக்கே.”

“அதுக்கென்ன? கொஞ்சம் பிடிச்சுத் தைச்சுக் கொடு!”

“அதைத்தானே வாராவாரம் செஞ்சேன். மோசடின்னீங்க.”

ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாளியைத் தூக்கினேன்.