துண்டுக்குத் தடை போட்ட மேயர்

எங்க மேயர் அளவுக்கு ஜனங்களை ஏமாற்றின மேயர் எந்த ஊரிலும் இருக்க மாட்டார். இத்தனைக்கும் அவருக்கு ஊரே கிடையாது. விழுப்புரத்திலிருந்து பட்டணம் போகிற காலை பாசஞ்சரில் ஒரு பெட்டி. அவ்வளவுதான்.

மேயர் ஆவதற்கு முன்னால் நாங்கள் அவருக்கு வைத்திருந்த பேர் கொசுமருந்து. விழுப்புரம் பக்கத்து வளவனூர்க்காரர். பட்டணத்தில் தெருத்தெருவாகப் புகை அடிக்கிற வேலை. நான் திண்டிவனத்தில் ஏறுவேன், பெயிண்ட் வேலைக்கு. பட்டணத்தில் எங்களுக்கு வேலை உண்டு, ஓட்டு கிடையாது. ஆனாலும் அந்த ஊர் மேயரைத் திட்டாமல் ரயில் நகராது. மழை பெய்தால் முட்டி வரை தண்ணி. தோண்டின ரோடு தோண்டினபடி.

"பதவிக்கு வந்தப்ப இன்னா பேச்சு! இப்ப ஆளையே காணோம்."

"கொசுவாவது சாவுதா?" என்றார் ஒருத்தர்.

கொசுமருந்துக்குக் கோபம் வந்துவிட்டது. "மருந்தா குடுக்கறாங்க? பொகையத்தான் குடுக்கறாங்க. என்னை மேயரா வுடு, ஜல்தியா மாத்திக் காட்டறேன்."

"சரி, இந்தப் பொட்டிக்கு நீதான் மேயர்" என்றோம்.

விளையாட்டுக்குச் சொன்னது. அவர் விளையாடவில்லை. மறுநாளே உத்தரவு: "துண்டு போட்டு எடம் புடிக்கறது இனிமே கட். எல்லாரும் சமம்."

சமம்தான். விழுப்புரத்தில் ஏறினவர்கள் எல்லாரும் உட்கார்ந்தார்கள். திண்டிவனத்தில் ஏறினவர்கள் எல்லாரும் நின்றோம். அதுவரை விழுப்புரத்துக் கூட்டாளிகள்தான் எங்களுக்குத் துண்டு போட்டு வைப்பார்கள்.

எங்க தெரு செல்வியும் நின்றாள். ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிற வேலை. மாசமாக இருந்தாள். கால் வீங்கியிருந்தது. உட்கார்ந்திருந்தவர்களுக்கெல்லாம் திடீரென்று தூக்கம் வந்துவிட்டது.

"இப்படியே நின்னுக்கினு வர முடியாதுண்ணா. நான் வேலைய வுட்டுர்றேன்" என்றாள் மேயரிடம்.

"இன்னாய்யா மேயரே, உனக்குப் பட்டணத்து மேயரே தேவலாம்" என்றேன். பெட்டியே சிரித்தது.

"போட்ட சட்டத்த மாத்தினா ஒருத்தன் மதிக்க மாட்டான்" என்றார்.

"இப்ப மட்டும் மதிக்கிறாங்களாக்கும்" என்றாள் செல்வி.

அடுத்த நாள் ஏறினால் ஒரே கூச்சல். சீட்டு முழுக்க நீட்டிப் படுத்திருக்கிறார் மேயர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகல்.

"எழுந்திருய்யா! இது இன்னா உன் ஊடா?"

"முடியலீங்க. வயித்து வலி."

செல்வியைப் பார்த்தார். வலி போய்விட்டது. எழுந்தார். "உக்காரும்மா. கால நல்லா நீட்டிக்கோ."

"எடம் புடிக்கக் கூடாதுன்னு சொன்னது நீதானே?" என்று நாலு பேர் பாய்ந்தார்கள்.

"துண்டுதான் போடக் கூடாதுன்னேன். துண்டு எங்க கீது?"

பட்டணம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தார். திட்டும் வாங்கிக்கொண்டே வந்தார்.

அப்புறம் தினமும் பட்டணத்து மேயரைத் திட்டி முடித்துவிட்டு எங்க மேயரைத் திட்டினோம். சட்டத்தை அவர் மாற்றவே இல்லை. செல்வி பிரசவத்துக்கு லீவு போடுகிற வரைக்கும், விழுப்புரத்தில் ரயில் ஏறினதுமே அவருக்கு வயிற்று வலி வந்துவிடும்.