நெட்டையரும் குட்டையரும் ஒத்துப்போன நாள்

இரண்டு பேருக்கும் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளலாம் என்று நினைப்பவனை நம்பி எதையும் ஒப்படைக்கக் கூடாது. முக்கியமாக, அவனை விருந்தாளிகளோடு மலைமேல் அனுப்பக் கூடாது. அறுபதுகளில் செஞ்சியில் அப்படி ஒருவனை அனுப்பினார்கள். அமெரிக்காவில் படிக்கப் போகிறவனாக மேலே ஏறியவன், ஒரு கயிற்றுக் கட்டிலின் காலைத் தோளில் தாங்கிக்கொண்டு கீழே இறங்கினான். கட்டிலில் முனகிக்கொண்டு வந்தவர் ஓர் அமெரிக்க டாக்டர்.

அந்தப் பையன் நான்தான்.

எனக்கு இருந்த ஒரே தகுதி, நான் தலைக்குப் பதில் கால்முதலாகப் பிறந்தது. எங்கள் பக்கத்தில் அப்படிப் பிறந்தவனுடைய காலுக்குத் தனி மரியாதை. முதுகு பிடித்துக்கொண்டவர்கள் அவனைக் கூப்பிட்டுக் குப்புறப் படுத்துக்கொள்வார்கள். அவன் காலால் மேலிருந்து கீழாக மூன்று தரம் லேசாகத் தடவி மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது நம்பிக்கை. (விடவில்லை என்றால் படுத்தவர் சரியாகப் படுக்கவில்லை என்று அர்த்தம்.) வல்லத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்து என்னிடம் மிதிபட்டுப் போனவர்கள் உண்டு. அம்மா மட்டும், "இவன பெக்கறதுக்குள்ள என் உசுரு போயி வந்துச்சு, ஊராங்க முதுகு நல்லாயிட்டு போவுது" என்பாள்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் சும்மா இருந்தேன். எங்கள் மாதா கோயிலில் அப்போது பிரெஞ்சுக்காரர் ஒருவர் பங்குச் சாமியாராக இருந்தார். நன்றாகத் தமிழ் பேசுவார், ஆனால் அது வேதப் புத்தகத்தில் கற்ற தமிழ். "மகனே, உணவு அருந்தினாயோ?" என்றுதான் தெருவில் விசாரிப்பார். அவருக்கும் ஒருமுறை முதுகு பிடித்துக்கொண்டு, நான் போய் மிதித்து, எழுந்து நடந்தார். கால் பட்ட கூச்சத்தில் சிரித்துச் சிரித்தே பிடிப்பு விட்டிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு அது முழுக்க என் காலின் மகிமை என்றுதான் நம்பினேன்.

அந்தச் சாமியாரைப் பார்க்க அமெரிக்காவிலிருந்து இரண்டு நண்பர்கள் வந்தார்கள். ஒருவர் நெட்டை, ஒருவர் குட்டை. நெட்டையரின் தங்கையைக் குட்டையர் கட்டியிருந்தார். இரண்டு பேருக்கும் எலும்பு, முதுகு சம்பந்தப்பட்ட தொழில். அதனாலேயே இரண்டு பேருக்கும் ஆகாது. நெட்டையர் படித்தது ஆஸ்டியோபதி. மருந்து எழுதுவார், ஊசி போடுவார், ஆபரேஷன் செய்வார், பிரசவம் பார்ப்பார், அதோடு கையால் எலும்பையும் தசையையும் பிடித்துச் சரிசெய்வார். குட்டையருடையது கைரோபிராக்டிக். மருந்தும் கிடையாது, கத்தியும் கிடையாது. முதுகெலும்புதான் எல்லாம், அதைக் கையால் அழுத்தி நேராக்கினால் போதும் என்பவர்.

சாமியார் என்னை அவர்கள் முன்னால் நிறுத்தி, என் காலைக் காட்டி ஏதோ சொன்னார். இருவரும் சிரித்தார்கள். நெட்டையர் சிரித்து முடித்துவிட்டு, "பையனுக்கு ஆர்வம் இருந்தால் எங்கள் காலேஜில் சேர்த்துவிடுகிறேன்" என்றார். சாமியார்தான் எனக்கு மொழிபெயர்த்தார். சொன்னது விளையாட்டாகக்கூட இருக்கலாம். ஆனால் குட்டையருக்குப் பொறுக்கவில்லை. "அவ்வளவு வருஷம் இவன் எதற்குக் கஷ்டப்பட வேண்டும்? எங்கள் காலேஜில் நான் சேர்க்கிறேன்" என்றார். உடனே நெட்டையர், தங்குகிற செலவும் தன்னுடையது என்றார். குட்டையர் கப்பல் செலவையும் ஏற்றுக்கொண்டார். இப்படி மச்சான்கள் இரண்டு பேருடைய வீம்பில் நான் அமெரிக்கா போவது நிச்சயமாகிவிட்டது.

சாமியார் என்னிடம், "மகனே, நாளை இவர்களுக்குக் கோட்டையைக் காண்பி. மாலையில் இவர்கள் புதுச்சேரிக்குப் புறப்படுமுன், எதைக் கற்க விரும்புகிறாய் என்று உன் வாயால் சொல்" என்றார்.

அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. நைனாவுக்கு மணிலாக்கொட்டை (வேர்க்கடலைதான்) போடுவதும் பிடுங்குவதும் தவிர வேறு படிப்பு கிடையாது. என்னை எதிரில் உட்காரவைத்து விசாரித்தார்.

"ரெண்டுல ஊசி போடறது எதுடா?"

"ஆஸ்டியோபதி, நைனா."

"அப்ப அதான் டாக்டரு. அதச் சொல்லிடு."

"கத்தி, ரத்தம்லாம் இவனுக்கு ஆவுமா?" என்றாள் அம்மா. "கோழி அறுத்தாலே கண்ண மூடிக்கிறான். கையாலயே செய்யறாரே அந்தக் குட்டையா இருக்கறவரு, அது போதும்."

"காலேஜ் போயி படிச்சிட்டு வந்து, ஊசி போடத் தெரியாதுன்னு சொன்னா, ஊர்ல எவன் மதிப்பான்?"

"ஒனக்கு இன்னாடா புடிச்சிருக்குது? அதச் சொல்லு" என்று அம்மா என்னைப் பார்த்தாள்.

எனக்குப் பிடித்தது ஆஸ்டியோபதி. நெட்டையர் தன் தோல் பையைத் திறந்தபோது உள்ளே தெரிந்த ஸ்டெதஸ்கோப்பைப் பார்த்த நிமிஷத்திலேயே முடிவு செய்துவிட்டேன். ஆனால் சொன்னால் அம்மா முகம் வாடும், குட்டையர் கோபித்துக்கொள்வார். அதனால், "ரெண்டுமே நல்லாத்தான் இருக்குது" என்றேன். என் வாழ்க்கையிலேயே நான் அதிக விலை கொடுத்த வாக்கியம் அதுதான். விடிந்ததும் நைனா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய், பையன் அமெரிக்கா போகிறான் என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

சாமியாருக்கு மூட்டுவலி, அதனால் மலை ஏறவில்லை. மொழிபெயர்க்க ஆள் இல்லாமல் நாங்கள் மூன்று பேர் மட்டும் ராஜகிரி ஏறினோம். என் இங்கிலீஷ் பாஸ் மார்க்கை ஒட்டி நின்ற இங்கிலீஷ். நெட்டையர் என்னோடு நடந்து ஏதோ கேட்டார். அதில் "ஆஸ்டியோபதி" மட்டும் புரிந்தது. "யெஸ் சார்" என்றேன். அவர் என் தோளில் தட்டினார். அடுத்த வளைவில் குட்டையர் என்னோடு நடந்தார். "கைரோபிராக்டிக்" மட்டும் புரிந்தது. "யெஸ் சார், யெஸ் சார்." (மரியாதைக்கு ஒன்று கூடுதல்.) அவரும் தட்டினார். இரண்டு தோளிலும் தட்டு வாங்கிக்கொண்டு, உலகத்தையே ஏமாற்றிவிட்டவன்போல் ஏறினேன்.

பாதி மலைக்கு மேல், சுவர் வைத்த ஓர் அகலமான இடத்தில் உட்கார்ந்தோம். ஒரு குரங்கு வந்து நெட்டையர் கழற்றி வைத்திருந்த தொப்பியை இழுத்தது. அவர் சட்டென்று எழுந்து குனிந்து தொப்பியைப் பிடித்தார். குனிந்தவர் நிமிரவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது.

குட்டையர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஓடிவந்தார். நெட்டையர் குனிந்த நிலையிலேயே ஒரு கையை நீட்டித் தடுத்தார். தொடாதே என்கிறார் என்பது எனக்கே புரிந்தது. குட்டையர் என்னவோ கத்தினார், இவரும் தரையைப் பார்த்தபடியே பதிலுக்குக் கத்தினார். அமெரிக்காவில் எத்தனையோ வருஷமாக நடக்கிற சண்டை ராஜகிரிமேல் தொடர்ந்தது.

அப்போதுதான் என் மூளைக்கு அது உதித்தது. இந்தப் பிடிப்பை நான் எடுத்துவிட்டால் நெட்டையர் மெச்சுவார். குட்டையர் கை படாமல் போனதால் அவருக்கும் தோல்வி இல்லை. இரண்டு பேருக்கும் நல்லவனாகிவிடலாம்.

பின்னால் போய் நின்று, "சார், யூ பேக், மை லெக், ஓகே?" என்றேன். அவர் வலியில் ஏதோ முனகினார். காலையிலிருந்து புரியாததற்கெல்லாம் யெஸ் சொல்லிக்கொண்டு வந்தவன் நான். அவர் முனகலையும் யெஸ் என்றே எடுத்துக்கொண்டேன். வழக்கப்படி அவர் படுத்திருக்க வேண்டும், நான் தடவியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை பெரிய உடம்புக்குத் தடவினால் போதுமா என்று எனக்குச் சந்தேகம். இவர் அமெரிக்கர் வேறு. நாலடி பின்னால் போய், மாதாவை வேண்டிக்கொண்டு, ஓடிவந்து ஓர் உதை விட்டேன்.

குரங்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் மறைந்தன. நெட்டையர் முகம் குப்புற விழுந்து அலறிய அலறல் கீழே கோயில்வரை கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள், அதை நான் நம்புகிறேன். குட்டையர் ஓடிவந்து மண்டியிட்டு அவர் விலாவைத் தொட்டுப் பார்த்தார். இந்தத் தடவை நெட்டையர் தடுக்கவில்லை. இருவரும் மெதுவாக என்னவோ பேசினார்கள். பேசிவிட்டு இருவரும் சேர்ந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

விறகு வெட்டிக்கொண்டு வந்தவர்கள் கீழேபோய்க் கட்டில் கொண்டுவந்தார்கள். ஒரு காலை நான் தாங்கினேன். ஊரே அடிவாரத்தில் நின்றது. முன்வரிசையில் நைனா, அதே வெள்ளை வேட்டியில்.

சாமியார் இருவரிடமும் பேசிவிட்டு என்னிடம் வந்தார். அவர் கண் கலங்கியிருந்ததா, சிரிப்பை அடக்கினாரா என்று தெரியவில்லை.

"மகனே, இவர்கள் இருவரும் இதுநாள்வரை எந்தக் காரியத்திலும் ஒருமனப்பட்டதில்லை. இன்று ஒருமனப்பட்டுவிட்டார்கள்."

"எதுல, சாமி?"

"இனி நீ எந்த மனிதனுடைய முதுகின் அருகிலும் செல்லலாகாது என்பதில்."

கார் புதுச்சேரிக்குப் போய்விட்டது. விலா எலும்பில் கீறல்தான், ஆறிவிட்டது என்று சாமியார் பிறகு சொன்னார். எதைக் கற்க விரும்புகிறாய் என்று அன்று மாலை யாரும் என்னைக் கேட்கவில்லை. நான் மார்க்கெட் கமிட்டியில் மணிலா மூட்டை எடைபோடும் வேலைக்குப் போய், அங்கேயே ரிட்டயரும் ஆனேன்.

வீட்டில் எந்த இரண்டு பேர் சண்டை போட்டாலும், "இருங்க, அவர கூப்புடறேன். ஒரே ஒதைதான், ரெண்டு பேரும் ஒண்ணாயிடுவீங்க" என்பாள் என் மனைவி. கல்யாணம், கெடாவெட்டு எதுவானாலும் என் தம்பி இந்தக் கதையை நடித்துக் காட்டுவான். குரங்காகவும் அவனே, நெட்டையராகவும் அவனே. கார் புறப்படுகிற இடத்தில் கதையை முடிப்பான், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது அவன் கதையில் கிடையாது. அப்போது அவன் கைக்குழந்தை, மலைக்கதை மாதிரி இதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

பூசை முடிந்து சனங்கள் எங்கள் தெரு வழியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு வாரமாக என்னிடம் யாரும் முதுகைக் காட்டவில்லை, என்னைக் கண்டால் சிரித்தார்கள். நைனா வாசலில் துண்டை விரித்து, அத்தனை பேருக்கும் முன்னால் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"டேய், முதுகு புடிச்சிக்கிச்சு. வந்து மிதி."

அவருக்கு முதுகு ஒன்றும் பிடித்துக்கொள்ளவில்லை. கோயிலிலிருந்து நன்றாக நிமிர்ந்து நடந்து வந்தவர்தான். எதற்காகப் படுத்திருக்கிறார் என்று எனக்கும் தெரியும், நின்று பார்த்தவர்களுக்கும் தெரியும். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. "நான் மாட்டேன், போ" என்று கத்திவிட்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.

சன்னல் வழியாகப் பார்த்தேன். கொஞ்ச நேரம் அப்படியே படுத்திருந்தார். பிறகு தானே எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நின்றவர்களிடம், "சரியாப் போச்சு" என்றார்.

மூட்டை தூக்கித் தூக்கி, பிற்காலத்தில் நிஜமாகவே அவருக்கு முதுகு போயிற்று. பக்கத்துத் தெருவில் எண்ணெய் போட்டு உருவிவிடுகிறவரிடம் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போவார். என்னை ஒரு தரம்கூடக் கூப்பிடவில்லை. கூப்பிடட்டும் என்று நானும் இருந்துவிட்டேன். கூப்பிடாமலே போய் மிதித்திருக்கலாம்.