ஏழாம் வாய்ப்பாடும் பத்து முத்திரையும்

கனெமாரு டீச்சருக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. காலையிலிருந்து இருபத்தாறு பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாடு ஒப்பிக்க, வரிக்கு வரி தலையாட்டியதில் இடப்பக்கம் திரும்பவே முடியவில்லை. இடப்பக்கம்தான் ஷிஹோ நின்றாள், வெற்று அட்டையோடு.

வீட்டில் அம்மாவிடமோ அப்பாவிடமோ பத்து முறை ஒப்பிக்க வேண்டும். கேட்டவர், கையெழுத்துக்குப் பதிலாக வைக்கும் தன் பெயர் முத்திரையை அட்டையில் முறைக்கு ஒன்றாகக் குத்த வேண்டும். பத்தும் இருந்தால்தான் சனிக்கிழமை பெற்றோர் முன்னால் மேடை ஏறலாம்.

"எங்க முத்திரை?"

"அம்மா மீன் ஆலையிலேர்ந்து வர்றதுக்குள்ள தூங்கிடறேன் டீச்சர். சனிக்கிழமை மட்டும் அரை நாள் லீவு வாங்கியிருக்காங்க, என்னை மேடையில பாக்க."

"எல்லாருக்கும் ஒரே விதிம்மா. அதுதான் நியாயம்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் இளகினார். "சரி, வீட்ல யார் கேட்டாலும் போதும்."

மறுநாள் அட்டையில் பத்துப் பூ. சர்க்கரைவள்ளிக் கிழங்கை வெட்டிச் செய்த முத்திரை.

"யார் குத்தினது?"

"தம்பி. மூணு வயசு."

"முழுசாக் கேட்டானா?"

"ஏழாறு நாப்பத்திரண்டு வரைக்கும் கேட்டான். அப்புறம் அழுதுட்டான்."

டீச்சர் அசரவில்லை. பாதி கேட்ட தம்பியின் பூ செல்லாது என்றார். தெருவில் போகும் பெரியவர் யார் கேட்டாலும் சரி என்று விதியை அகலப்படுத்தினார். அட்டை நிரம்பிய பிள்ளைகளும் சேர்ந்து தெருவில் இறங்கினார்கள். வியாழக்கிழமை தலைமையாசிரியர் கூப்பிட்டார்.

"தபால்காரர ஒம்பது பிள்ளைங்க மறிச்சிருக்காங்க. தப்பிச்சு ஓடினவர், ஏழெட்டு ஐம்பத்தாறுன்னு முனகிக்கிட்டே வண்டிய டோஃபு கடைக்குள்ள விட்டுட்டார்."

"கணக்கு சரியாத்தான் சொல்லியிருக்கார்," என்றார் டீச்சர்.

ஷிஹோவின் அட்டையில் மட்டும் கிழங்குப் பூவைத் தவிர வேறெதுவும் இல்லை. "எங்க மேட்டுத் தெருவுக்கு யாரும் வரல டீச்சர். பூனைதான் வந்துச்சு."

வெள்ளிக்கிழமை மதியம் டீச்சரே அவள் கையைப் பிடித்து ஆலைக்கு அழைத்துப்போனார். அம்மா கானாங்கெளுத்தியின் குடலை உருவியபடியே கேட்டாள். கத்தி நிற்கவில்லை, நின்றால் கூலி நிற்கும். ஷிஹோ பத்து முறையும் பிழையில்லாமல் ஒப்பித்தாள். மூன்றாவது முறையில் பக்கத்துப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். ஐந்தாவது முறைக்கு வரிசை முழுக்க ஏழாம் வாய்ப்பாடுதான். பெட்டிக்கு ஆறு மீன் அடுக்க வேண்டிய கைகள் ஏழேழாக அடுக்கின. நாற்பது பெட்டி போன பிறகுதான் மேஸ்திரி கிகுதா ஓடிவந்து பெல்ட்டை நிறுத்தினாள். அறுபது தாண்டியவள்.

அம்மாவிடம் முத்திரை இல்லை. ரப்பர் அங்கியில் பையே கிடையாது. கிகுதா, பெட்டிகளில் குத்தும் 'தரம் சரி' முத்திரையை எடுத்து அட்டையில் பத்து முறை குத்தினாள்.

"இது செல்லாது," என்றார் டீச்சர். "கேட்டவங்க சொந்த முத்திரைதான் வேணும். நானும் இதே ஊர்ல, இதே விதிப்படி பத்து முத்திரை வாங்கித்தான் மேடை ஏறினேன்."

கிகுதா கையுறையைக் கழற்றினாள்.

"தெரியும்டி. அப்ப உங்கம்மா இந்த வரிசையிலதான் நின்னா. அவ கூலிய நான் வாங்கித் தர்றதால உங்க வீட்டு முத்திரை எங்கிட்ட இருந்துது. ராத்திரி ஷிப்டு முடிஞ்ச தூக்கத்துல, ஒரு வரி கேக்காம பத்தையும் நான்தான் குத்தினேன். அந்த ஏழாம் வாய்ப்பாட்ட நீ இன்னும் எனக்கு ஒப்பிக்கல. பாக்கி."