ஐந்து நட்டுக்கு ஐந்து சாமி

அன்று காலை தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பு வாசலில் நான் இருந்தேன், அம்மா இருந்தார், பக்கத்து வீட்டு மேரி அக்கா இருந்தார், கொழுந்தெடுக்கக் கிளம்பிய ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஜெக் மட்டும் இல்லை. காரைத் தூக்கும் ஜெக் இல்லாமல் டயர் மாற்றக்கூடிய ஒரே மனிதர் இந்த மலைநாட்டில் எங்கள் ஜெக் மாமாதான். அவருக்கு அந்தப் பெயர் வந்ததே அதனால்தான்.

“இத்தன பேர் இருக்கீங்க, ஜெக்கு எதுக்கு? ம்... தூக்குங்க!”

தூக்கினார்கள். மாமா கல்லடுக்கி முட்டுக்கொடுத்தார்.

மாமா ஓட்டும் அந்த வாடகைக் காரில்தான் நான் ஒன்பது மணிக்கு நுவரெலியாவில் நடக்கும் ஆசிரியர் வேலை நேர்முகத் தேர்வுக்குப் போய்ச் சேர வேண்டும். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான். டயரோ காற்றிறங்கிக் கிடந்தது.

“கொட்டகலை டயர்க்கடைக்கு ஒரு போன் கோல் போடுவோம் மாமா. வந்து மாத்திக் குடுப்பாங்க.”

“அவன் மெஷின வச்சு இறுக்கிட்டுப் போயிருவான். வழியில பஞ்சராச்சுன்னா உங்கப்பனா வந்து கழட்டுவான்?”

மாமா கையால்தான் இறுக்குவார், நட்டுக்கு ஒரு சாமி பெயர் சொல்லி. பிள்ளையார், முருகன், மாரியம்மன், முனியாண்டி. ஐந்தாவது, மேரி அக்கா வீட்டுக்காக மாதா.

“ஏங்க மாமா, எங்க மாதா மட்டும் எப்பவும் கடைசியா?” என்றார் மேரி அக்கா.

மாமாவுக்கு அது நியாயமாகப் பட்டது. ஐந்தையும் கழற்றி மாதாவிலிருந்து தொடங்கினார்.

“அப்ப மாரியாத்தா இளக்காரமா?” என்றார் அம்மா.

மறுபடி கழற்றினார்.

“ஏழு தாண்டிருச்சு மாமா! கடைக்கே குடுத்திருக்கலாம்!” என்று கத்திவிட்டேன்.

“பாருங்களேன், வாத்தியாரு இப்பவே அதட்டுறாரு!” மேரி அக்கா சிரித்தார்.

மாமா சிரிக்கவில்லை. ஐந்து சாமியையும் ஒரே மூச்சில் சொல்லி இறுக்கிவிட்டுக் காரை எடுத்தார்.

கொட்டகலையில், டயர்க்கடை முன்னால் கார் தானாக நின்றது போல நின்றது. மாமா இறங்கி உள்ளே போனதும் கடைக்காரர் திகைத்து எழுந்துவிட்டார்.

“நட்டெல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாருங்க தம்பி.”

“நீங்க இறுக்குனதயா? எதுக்குங்க?”

“சவாரின்னா பரவால்ல. இன்னைக்கு நம்ம புள்ள போறான்.”

நட்டு ஒன்றும் அசையவில்லை. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம், வேலையும் கிடைத்தது. ஜெக் மாமா இன்றுவரை டயர்க்கடைக்குக் கொடுத்த மொத்தப் பணம், எனக்காக அன்று கொடுத்த இருநூறு ரூபாய்தான்.