மூணு ரிங் அண்ணாச்சி

பூமியில் பிறந்தவர்களில் எங்கள் தெரு மூணு ரிங் அண்ணாச்சியைவிட அதிகம் பயந்தவர் எவரும் இருக்க முடியாது. இருபது வருடமாகச் செய்தி எழுதிப் பிழைக்கிறவன் நான். கொலை வழக்கில் சாட்சி சொல்ல வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓட்டு எண்ணும் அறைக்கு வெளியே நின்ற வேட்பாளர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்கள் பயந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அண்ணாச்சிக்குக் காரணமெல்லாம் தேவையில்லை. காலையில் எழுந்ததும் கொஞ்சம் பயந்துவிட்டுத்தான் பல் துலக்குவார்.

சங்கரன்கோவிலில் அவருக்கு ஆறு விசைத்தறிகள். ஓடுகிற தறிக்கூடத்துக்குள் காதுக்கு வேலை கிடையாது. பேச்சு முழுவதும் கையால்தான். இரண்டு விரல்களைச் சேர்த்துப் படக்கென்று பிரித்தால் இழை அறுந்துவிட்டது என்று அர்த்தம். சட்டைப் பையில் போன் அடித்தால் சத்தம் கேட்காது, நெஞ்சில் அதிர்வது மட்டும் தெரியும். எத்தனை தடவை அதிர்ந்தது என்று எண்ணலாம். அந்த எண்ணிக்கையை வைத்தே அண்ணாச்சியும் அவர் மனைவி கோமதி மதினியும் ஒரு பாஷை உண்டாக்கியிருந்தார்கள். ஒரு ரிங் என்றால் வந்து சேர்ந்துவிட்டேன். இரண்டு என்றால் சாப்பிட வருகிறேன். மூன்று என்றால் பயமாக இருக்கிறது. எண்ணிக்கை முடிந்ததும் அழைத்தவர் நிறுத்திவிட வேண்டும். நிறுத்தாமல் அடித்தால் அது யாரோ அந்நியர்; உடனே கட் செய்துவிட வேண்டும்.

பெயரிலிருந்தே தெரிந்திருக்கும், அவர் எதை அதிகம் பயன்படுத்தினார் என்று. தெருமுனையில் நாய் படுத்திருந்தால் மூன்று ரிங். மதினி பிஸ்கட்டோடு போய் அழைத்து வருவார். இடி இடித்தால் மூன்று ரிங். ஒருமுறை சலூனில் முகம் மழிக்க உட்கார்ந்தார். மழிப்பவர் யாருடனோ போனில் சண்டை. கத்தியோ அண்ணாச்சியின் கழுத்தில். போர்த்திய துணிக்கு அடியிலேயே கைபேசியைத் தடவி மூன்று ரிங் விட்டார். மதினி வந்து, பாதி முகம் மழித்த நிலையில் அவரை மீட்டுப் போனார். ஆஸ்பத்திரி இருக்கும் தெருவில் அவர் காலே வைத்ததில்லை. அந்த மருந்து வாடை ஆகாது என்று இரண்டு தெரு சுற்றித்தான் பஸ் ஸ்டாண்டுக்குப் போவார்.

"இப்பதான் எவ்வளவு பேசினாலும் ஒரே ரீசார்ஜ். பேசிற வேண்டியதுதான அண்ணாச்சி?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீரு ஒரு ஆளு வே. பேசுனா குரல் நடுங்கும்லா? அதக் கேட்டு அவ பயந்திருவா. ரிங்கு நடுங்குமா?"

இப்படிப்பட்டவர் மலேசியாவுக்குப் போனார். நூல் வியாபாரி ஒருவர் தறிக்காரர்கள் பத்துப் பேரை ஐந்து நாள் சுற்றுலாவுக்கு அழைத்தார். போகப் பயம், வரவில்லை என்று சொன்னால் வியாபாரி கோபித்துக்கொள்வாரோ என்று அதைவிடப் பயம். எல்லோரும் பாஸ்போர்ட்டை வியாபாரியிடமே கொடுத்து வைத்தார்கள். அண்ணாச்சி மட்டும் அதைத் துணிப்பையில் வைத்துத் தைத்து, பனியனுக்குள் வயிற்றோடு கட்டிக்கொண்டார். புறப்படும்முன் வீட்டில் இன்னொரு பாதுகாப்பும் செய்தார். தெரியாத வெளிநாட்டு எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுக்க வேண்டாம், அது மோசடிக் கும்பல் என்று நான் ஒரு செய்தி எழுதியிருந்தேன். அதை வெட்டி பிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

மூன்றாம் நாள் பிற்பகல் மதினி என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தம்பி, அவுகளக் காணுமாம்."

வியாபாரி கோலாலம்பூரிலிருந்து தன் ஊர் எண்ணிலேயே அழைத்திருக்கிறார். கடைத்தெருவில் பஸ் ஏறும்போது எண்ணினால் ஒன்பது பேர். இரண்டு மணி நேரமாகத் தேடுகிறார்கள். அண்ணாச்சியின் பழைய பட்டன் போன் அந்த ஊரில் இறங்கியதிலிருந்தே செத்துக் கிடக்கிறது. வியாபாரியின் எண் எழுதிய சீட்டு, பஸ்ஸில் இருக்கும் பையில்.

நான் மதினி வீட்டுக்குப் போய், போனைக் கையில் வாங்கிக்கொண்டேன். இந்த மாதிரி நேரத்தில் பதறாமல் இருப்பது என் தொழில். யாரை அழைப்பது, தூதரகத்துக்கு எப்படிச் சொல்வது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். நடுவில் போன் அடித்தது. அறுபதில் தொடங்கும், பெயரில்லாத வெளிநாட்டு எண். பிரிட்ஜ் கதவில் என் செய்தியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சத்தத்தை அமுக்கினேன். ஐந்து நிமிடத்தில் மறுபடியும் வந்தது. மறுபடியும் அமுக்கினேன்.

"யாரு தம்பி?"

"மோசடிக் கும்பல் மதினி. நேரம் பாத்து வாரானுவ."

மூன்றாம் முறை வந்தபோது அந்த எண்ணையே பிளாக் செய்தேன். செய்த கையோடு தாளில் அடுத்த வரியை எழுதினேன்.

மதினி சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். என் பக்கம் திரும்பிக் கேட்டார்: "தம்பி, அது எத்தன தடவ அடிச்சிது?"

"எண்ணலையே மதினி."

"எண்ணாம எப்படி அமுக்குனீங்க?"

என் பேனா நின்றது. இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் இவ்வளவு சரியான கேள்வி கேட்டதில்லை. பிளாக்கை எடுத்தேன். போனைத் தரையில் நடுவில் வைத்துவிட்டு இருவரும் இரண்டு பக்கம் உட்கார்ந்தோம். ஐந்து நிமிடம் ஆனது. பத்து ஆனது. அங்கே இருட்டத் தொடங்கியிருக்கும். அவர் சோர்ந்துபோய் நிறுத்திவிட்டாரோ என்று தோன்றியது. பக்கத்துத் தறிக்கூடத்தின் சத்தம்கூட அன்று தள்ளிப் போயிருந்தது.

போன் அடித்தது. ஒன்று. இரண்டு. மூன்று. நின்றது.

"அவுகதான்! எய்யா, அவுகதான்!" மதினி போனைப் பாய்ந்து எடுத்தார். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வெளிநாட்டுக்குப் பேசும் ரீசார்ஜ் போட்டு வைத்திருந்தார். திருப்பி அழைத்தார். அடித்தது, அடித்தது, கட் ஆனது. நான் வாங்கி அழைத்தேன். கட். மறுபடியும் கட்.

"என்ன மதினி, எடுக்க மாட்டேங்காரு?"

"நிறுத்தாம அடிச்சா கட் பண்ணணும்லா? அவுக சரியாத்தான் செய்தாக."

உலகத்தின் மறுகோடியில் தொலைந்து நின்றுகொண்டு விதியைக் கடைப்பிடிக்கிற மனிதரை என்ன செய்வது? மதினி கண்ணை மூடி யோசித்தார். "நாலுன்னு ஒண்ணு இருக்கு தம்பி. நாலு அடிச்சு நிறுத்துனா, அடுத்த போன எடுத்துப் பேசணும். இதுவரைக்கும் நாங்க அடிச்சதே இல்ல."

"ஏன்?"

"வீட்டுல யாருக்காவது என்னமும் ஆனாத்தான் அடிக்கணும்னு பேசி வெச்சிருந்தோம்."

நான்கு ரிங் விட்டு நிறுத்தினார். பிறகு அழைத்து, ஸ்பீக்கரில் போட்டார். முதல் ரிங்கிலேயே எடுக்கப்பட்டது. அந்நிய ஊரின் வண்டிச் சத்தத்துக்கு நடுவே, ஒடுங்கிப்போன ஒரு குரல்.

"ஏட்டி கோமு... ஒனக்கு என்னட்டி ஆச்சு?"

மதினி போனை என் பக்கம் நகர்த்தினார். நான்தான் பேசினேன். நிற்கிற இடத்தைவிட்டு அசைய வேண்டாம், பக்கத்துக் கடையில் யாரிடமாவது போனைக் கொடுங்கள் என்றேன். "அவளுக்கு ஒண்ணும் இல்லன்னு மொதல்ல சொல்லும் வே" என்றார். சொன்னேன். அப்புறம்தான் போன் கை மாறியது. கடைப்பெண் ஆங்கிலத்தில் தெருப் பெயர் சொன்னாள். அரை மணியில் வியாபாரி அங்கே போய்ச் சேர்ந்தார்.

நடந்ததை அண்ணாச்சி ஊருக்குத் திரும்பியபின் சொன்னார். ஒரு துணிக்கடைக் கண்ணாடிக்குள் சேலை ஒன்று மடித்து வைத்திருந்ததாம். கரையைப் பார்த்ததும் நம் ஊர்த் தறியோ என்று சந்தேகம். உள்ளே போய் நுனியைப் பிரித்து இழை எண்ணியிருக்கிறார். நம் ஊர்ச் சேலையேதான். பயமில்லாமல் அவர் நின்ற நேரம் அதுதான். திரும்பினால் ஒருவரையும் காணோம்.

நடந்து நடந்து ஒரு போன் கடையைக் கண்டுபிடித்தார். பாஷை தெரியாது. தறிக்கூடத்தில் பேசுவதுபோல் இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிரித்துக் காட்டினார்: இழை அறுந்துபோச்சு. கடைப்பெண்ணுக்கு எப்படியோ புரிந்தது. பெரிய தொடுதிரை போனை நீட்டினாள். தொட்டதும் அது தானாகப் பேசியதைக் கேட்டு இவர் இரண்டடி பின்வாங்கினார். மூலையில் கிடந்த பட்டன் போனைக் கைகாட்டினார். சிம் போடப் பாஸ்போர்ட் வேண்டும் என்றாள். அண்ணாச்சி சட்டைப் பொத்தானைக் கழற்றிப் பனியனைத் தூக்கவும், அவள் அலற, காவலாளி ஓடி வந்தார். தையலைப் பல்லால் பிரித்துப் பாஸ்போர்ட்டை எடுத்த பிறகும் கையைவிட மனமில்லை. ஒரு நுனியை இவர் பிடித்திருக்க, மறுநுனியை அவள் பிடித்து அப்படியே படமெடுத்திருக்கிறாள். மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணை இவர் எழுதிக் காட்ட, முன்னால் தொண்ணூற்றொன்று சேர்த்துக் கொடுத்ததும் அவள்தான்.

"மூணு ரிங்கோட நிறுத்தாம பேசியே இருக்கலாம்லா அண்ணாச்சி?"

"எப்பிடி வே பேச? அன்னைக்கு இருந்த நடுக்கத்துக்கு அவ தாங்குவாளா?"

தெருவில் இந்தக் கதையை நான் பலமுறை நடித்துக் காட்டியிருக்கிறேன். பனியன் கட்டத்துக்கு எப்போதும் சிரிப்பு நிச்சயம். எண்ணைப் பிளாக் செய்த கட்டத்தை மட்டும் சொல்வதில்லை.

போன மாதம் எனக்கு நெஞ்சில் ஒரு வலி. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் சோதனைகள் எடுத்துவிட்டு, முடிவு வரும்வரை வெளியே உட்காரச் சொன்னார்கள். என் மனைவி மகளைப் பார்க்க வெளியூர் போயிருந்தாள். பெஞ்சில் தனியாக இருந்தேன். யாரையாவது அழைத்துப் பேசலாம் என்று போனை எடுத்தேன். தொண்டையைச் செருமிப் பார்த்தேன். குரல் சரியாக வரவில்லை. அண்ணாச்சியின் எண்ணுக்கு மூன்று ரிங் விட்டு நிறுத்தினேன். எங்கே இருக்கிறேன் என்று சொல்லவில்லையே என்பது அப்புறம்தான் உறைத்தது. எங்கள் தெருவில் யார் எங்கே போனார்கள் என்பதைச் சொல்லத்தான் வேண்டுமா?

இருபது நிமிடம் இருக்கும். மருந்து வாடை அடிக்கிற அந்த வாசலுக்கு வெளியே, மூக்கைத் துண்டால் பொத்தியபடி ஒருவர் நிற்பது கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. ஒரு கையால் கேட்டின் கம்பியைப் பிடித்திருந்தார். உள்ளே வரவில்லை, திரும்பியும் போகவில்லை.

என் சட்டைப் பை ஒரே ஒரு தடவை அதிர்ந்து நின்றது.