பஞ்சன் முயல் வைத்த கடைசிச் சில்லு

ஒரு காட்டில் செல்போன் டவர் வைத்த பிறகு யாரும் யாரையும் துரத்துவதில்லை என்று பெயர் வந்தது. துரத்த நேரம் இல்லை, அவ்வளவுதான். எல்லா மிருகங்களும் இணையத்தில் பலகை விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தன.

அதில் பெரிய மவுசு 'குளம் வெட்டு' என்ற ஆட்டத்துக்கு. முறை வரும்போது ஆளுக்கொரு சில்லு வைத்து வாய்க்கால் இழுக்க வேண்டும். குளத்துத் தண்ணீரை முதலில் தன் வயலுக்குக் கொண்டுபோகிறவர் ஜெயித்தவர். எதிராளியின் வாய்க்காலை அடைக்கவும் செய்யலாம். ஒருவர் பாதியில் காணாமல் போனால் ஆட்டம் ரத்து. யாருக்கும் தரவரிசைப் புள்ளி கிடையாது.

பஞ்சன் என்ற முயல் அங்கே 'காட்டுராஜா' என்ற பெயரில் ஆடியது. அதன் நிரந்தர எதிராளி 'சைவப்பிரியன்'. இருவரும் மரியாதைக்காரர்கள். சில்லு வைக்கும் முன் அவர் சாப்பிட்டாச்சா என்று கேட்பார்; பஞ்சன், இனிமேல்தான் என்று சொல்லும். தனக்கும் இன்று ஒன்றும் சிக்கவில்லை என்று அவர் வருத்தப்படுவார். வீட்டில் சமைக்க ஆள் இல்லை போலிருக்கிறது என்று பஞ்சன் நினைத்துக்கொள்ளும்.

ஒரு மத்தியானம் புதருக்குள் பஞ்சனின் போன் 'டிங்' என்றது. அதன் முறை வந்துவிட்டதாக அறிவிப்பு. அடுத்த நொடி முதுகில் ஒரு பாதம் விழுந்தது. வரியன் என்ற புலி. சத்தம் வந்த போனை எட்டிப் பார்த்த புலி திகைத்தது. சற்று முன் தானே 'சைவப்பிரியன்' என்ற பெயரில் வைத்த சில்லு அந்தத் திரையில் மின்னிக்கொண்டிருந்தது.

"காட்டுராஜா அண்ணனா நீங்க?" என்றது புலி. பாதத்தை எடுக்கவில்லை.

"ஆமா தம்பி," என்றது முயல், கிடந்தபடியே.

புலிக்குத் தர்மசங்கடம். பசி ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இந்த ஆட்டத்தில் அதுதான் முன்னிலையில் இருந்தது. ஜெயித்தால் தரவரிசையில் கரடியைத் தாண்டலாம். கரடி வாட்ஸ்அப் குழுவில் அதைப் 'பூனை' என்றுதான் கூப்பிட்டது. முயலைத் தின்றால் ஆட்டம் ரத்து. ஆட்டம் முடிந்ததும் வந்து தின்கிறேன், அதுவரை ஒழுங்காக ஆடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது.

மலைக்கு அந்தப் பக்கம் ஓடிவிடலாம் என்றது மனைவி அருகி. அங்கே சிக்னல் கிடைக்காதே என்றது பஞ்சன். அப்படியானால் ஆட்டத்தை முடியவிடாமல் இழுக்கச் சொன்னது அருகி. பஞ்சனும் இழுத்தது. புலி வாய்க்கால் வெட்ட வெட்ட, இது அடைத்தது. வாரங்கள் ஓடின. மற்ற முயல்கள் அதன் புத்தியை மெச்சின. கதை இங்கேயே முடிந்திருந்தால் பாடப்புத்தகத்தில் சேர்த்திருப்பார்கள்.

ஒரு நாள் காலை புலி அவசரத்தில் ஒரு சில்லைத் தவறாக வைத்தது. மூலையில் ஒரு கட்டம் திறந்தது. அங்கே சில்லு வைத்தால் தண்ணீர் நேராகப் பஞ்சனின் வயலுக்குத்தான். ஆட்டம் முடியும். கூடவே பஞ்சனும்.

"பார்க்காத மாதிரி வேற எங்கயாவது வைங்க," என்றது அருகி.

"எவ்வளவு அழகா திறந்திருக்கு பாரேன்."

"உசுரு போயிரும்ங்க."

"தெரியும். ஆனா இப்படி ஒரு கட்டம் இனி கிடைக்குமா, சொல்லு."

அதற்குள் திரையில் புலியின் செய்தி வந்தது: "என்ன அண்ணே, அடைக்க மட்டும்தான் தெரியுமா?"

பஞ்சன் சில்லை வைத்தது. தண்ணீர் பாய்ந்தது. திரையில் பட்டாசு வெடித்தது.

சாயங்காலம் புலி வந்தது. அந்த மூலை எப்படிக் கண்ணில் பட்டது என்று கேட்டது. பஞ்சன் மண்ணில் கோடு கிழித்து முதலிலிருந்து விளக்கியது. புலி இடையிடையே சந்தேகம் கேட்டுத் தெளிந்தது, மனதாரப் பாராட்டியது, பிறகு தின்றது.

அடுத்த வாரம் அந்த விளையாட்டுத் தளத்துக்கு வரியன் ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்தது. நல்ல ஆட்டக்காரர்கள் இங்கே நிலைப்பதில்லை, நிர்வாகம் கவனிக்க வேண்டும் என்று கீழே எழுதியது. காட்டுராஜாவின் பெயர் இன்றும் கரடிக்கு மேலே இருக்கிறது.

நீதி: உயிர் பெரிதுதான், ஆனால் அதற்குத் தரவரிசைப் புள்ளி கிடையாது.